மதிலுக்குள் வரைந்த ஊர்: தரங்கம்பாடியின் பழம்படங்களும் ஊர்வரலாற்று ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

சிறுநகர் வரலாறுகளை எழுதுவோர் அண்மைக்காலமாகப் பழைய வரைபடங்களை மிகுதியாகக் கையாளுகின்றனர். காப்பகங்கள் தம் படங்களை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்தமை இதற்கு முதற்காரணம். ஆயினும் கல்வெட்டுக்கும் ஓலைக்கும் நாம் செய்யும் மூலத் திறனாய்வை வரைபடத்துக்குச் செய்வதில்லை. ஒரு படம் எத்தேவைக்காக அளக்கப்பட்டது என்னும் வினாவைத் தவிர்ப்பதால் ஊர்வரலாற்றில் நுழையும் பிழைகளைத் தரங்கம்பாடியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கடற்கரைக் கோட்டின் அளவீடும் மீனவர் குடியிருப்பின் இடமும் சிறப்பாக நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தரங்கம்பாடி, பழைய வரைபடம், ஊர்வரலாறு, கடலரிப்பு, புலப்படம், நத்தம், புறம்போக்கு

1. பார்க்கப்படும் படம்

தமிழில் ஊர்வரலாறு எழுதும் மரபு வலுவானது. தலபுராணம், கல்வெட்டு, கோயில் ஆவணம், வாய்மொழி வழக்கு என மூலங்கள் பலவாக இருப்பினும் அவற்றைச் சோதிக்கும் முறையில் நமக்குப் பயிற்சி உண்டு. கல்வெட்டைப் பயன்படுத்துபவர் அதன் எழுத்தமைதியை நோக்குகிறார், ஆட்சியாண்டைக் கணிக்கிறார், கல் தன் முதலிடத்தில்தான் உள்ளதா, திருப்பணியின்போது பெயர்த்து வைக்கப்பட்டதா என வினவுகிறார். வரைபடம் கைக்கு வந்தவுடன் இவ்வினாக்கள் அடங்கிவிடுகின்றன. படம் ஒரு முழுப்பக்கத்தில் அச்சாகிறது. அதன்கீழ் ஆண்டும் காப்பகத்தின் பெயரும் இடம்பெறுகின்றன. அடுத்த பத்தி "படம் காட்டுவதுபோல்" எனத் தொடங்குகிறது. யார் காட்டினார், யாருக்குக் காட்டினார் என்பது பேசப்படுவதில்லை.

தரங்கம்பாடி இக்குறையை ஆராய்வதற்கு ஏற்ற ஊர். தமிழகக் கடற்கரையின் சிறுநகரங்களுள் இதைப்போல் படங்கள் வாய்த்தவை மிகச் சில. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் தூதரான ஓவே கெத்தேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டதைத் தொடர்ந்து டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஓவியம் ஒன்று சுவீடனின் ஸ்கூக்ளோஸ்தர் அரண்மனையில் உள்ளது. 1733ஆம் ஆண்டைச் சேர்ந்த திரெல்லுண்டின் படம் தரங்கம்பாடி ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் மேற்கோளாகிறது. 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் தாமே ஓவியர். அவர் வரைந்த காட்சிகள் இன்று ஆஸ்லோவில் உள்ளன. 1845இல் ஊர் ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டபின் வருவாய்த்துறையின் கிராமப்படங்களும் புலப்படங்களும் நில அளவைத் துறையின் படத்தாள்களும் வந்து சேர்ந்தன. இவ்வளவும் இருந்தும், தரங்கம்பாடி வரலாறு என எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை முதல் தொகுதியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாம் தொகுதியை வரலாற்றுமூலமாக எவரும் மதிப்பதாகத் தெரியவில்லை. அது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பதனாலோ என்னவோ!

2. மதிலின் தருக்கம்

ஐரோப்பியக் கோட்டைநகர்ப் படங்கள் பாதுகாப்புத் தேவையிலிருந்து பிறந்தவை. கொத்தளத்தின் கோணம், அகழியின் அகலம், பீரங்கி வைக்கும் மேடை, மதிலுக்கும் வீடுகளுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் ஆகியவற்றை அளவு பிசகாமல் காட்டுவது வரைபவரின் கடமை. மதிலுக்கு அப்பால் உள்ளவை, பகைவர் மறைந்து வருவதற்கு இடமளிக்குமா என்ற அளவில் மட்டுமே அவருக்குப் பொருட்டு. எனவே ஒரே தாளில் இரண்டு வகைத் துல்லியங்கள் அமைகின்றன. மதிலுக்குள் அளவை, வெளியே குறிப்பு. தாள் ஒன்று, அளவுகோல் ஒன்று என்பதால் பார்ப்பவர் இரண்டையும் ஒரே தரத்தனவாகக் கொள்கிறார்.

இதன் முதல் விளைவு தரங்கம்பாடி என்றால் மதிலுக்குள் அமைந்த ஊர் என்னும் கருத்து. டேனியர் வசம் இருந்தது அந்த நாற்கட்டம் மட்டுமன்று. பொறையாறு, தில்லையாடி உள்ளிட்ட நெல்விளையும் சிற்றூர்களும் அவர்தம் ஆட்சிப்பகுதியில் இருந்தன. நகரின் உணவும் வருவாயும் உழைப்பும் பெருமளவு அங்கிருந்தே வந்தன. சீகன்பால்கு காலத்தில் காகித ஆலை அமைக்கப்பட்டதும் பொறையாற்றில்தான். கோட்டை, சீயோன் ஆலயம் (1701), புதிய எருசலேம் ஆலயம் (1718), ஆளுநர் மாளிகை என நடந்து முடிக்கும் வரலாறு, படத்தின் சட்டகத்தையே ஊரின் எல்லையாக ஏற்றுக்கொண்ட வரலாறு.

இரண்டாம் விளைவு காலம் பற்றியது. மாசிலாமணிநாதர் கோயில் குலசேகர பாண்டியன் காலத்தது. 1306ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படுவது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி எனவும் குலசேகரன்பட்டினம் எனவும் குறிக்கிறது. பட்டினம் என்ற சொல்லே இது வணிகத்துறை என்பதற்குச் சான்று. அக்கோயில் எழுந்ததற்கும் டேனியர் வருகைக்கும் இடையே 314 ஆண்டுகள். டேனியர் காலம் 225 ஆண்டுகள், அதிலும் 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் வசம். அதன்பின் இன்றுவரை ஏறத்தாழ 180 ஆண்டுகள். ஆவணப்பட்ட காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாத ஒரு கட்டம் ஊரின் அடையாளமாக நிலைபெற்றதற்கு அக்கட்டத்தில்தான் படங்கள் வரையப்பட்டன என்பதும் ஒரு காரணம். 'அலைகள் பாடும் ஊர்' என்ற சுற்றுலாத்துறைப் பொருள்விளக்கம் எல்லாப் பலகைகளிலும் இடம்பிடித்திருக்க, சடங்கன்பாடி என்ற பெயர் ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கிறது.

இவ்வாறு கூறுவதால் டேனியப் படங்கள் பயனற்றவை என்பது கருத்தன்று. அவற்றை வேறு வகையில் படிக்க வேண்டும் என்பதே. தெருப்பெயர்களைக் காண்க. மேற்கே நிலவாயிலிலிருந்து கோட்டையின் முன்வெளி வரை செல்லும் கொங்கென்ஸ்காதெ பின்னர்க் கிங் தெருவாகி, இன்று ராஜ வீதி எனவும் வழங்குகிறது. ஒரே பொருள் மூன்று மொழிகளில் மாறி நிற்கிறது. அதனருகிலேயே பொற்கொல்லர் தெருவும் பள்ளிவாசல் தெருவும் உள்ளன. இவை மதிலுக்குள் அமைந்தவை. ஆகவே உள்ளே ஐரோப்பியர், வெளியே தமிழர் என்ற எளிய பிரிவினை தெருப்பெயர்களின் முன் நிற்காது. கைவினைஞரும் வணிகரும் மதிலுக்குள்ளேயே குடியிருந்தனர். நிலத்தை உழுதவரும் கடலில் சென்றவரும்தான் வெளியே இருந்தனர். மதில் பிரித்தது இனத்தை விடத் தொழிலையே எனக் கருத இடமிருக்கிறது. இம்முடிபுக்கு வர, படத்தின் கோடுகளை விடப் படத்தில் எழுதப்பட்ட பெயர்களும் இன்று தெருவில் வழங்கும் பெயர்களும் உதவுகின்றன. பெயர்களை ஒப்பிடும் பணி தமிழாய்வாளருக்கே உரியது. டேனிய மொழி அறிந்தோர் அதனை நமக்காகச் செய்து தரமாட்டார்கள்.

3. கடல் எவ்வளவு கொண்டது

தரங்கம்பாடியில் கடலரிப்பு கண்கூடு. மாசிலாமணிநாதர் கோயிலின் கீழ்ப்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. இதில் ஐயமில்லை. ஐயம் எழுவது எண்களில். பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்தி, இரண்டு கரைக்கோடுகளுக்கு இடையிலுள்ள தொலைவை அளந்து, கடல் இத்தனை மீட்டர் உட்புகுந்துள்ளது எனக் கூறும் போக்கு பெருகி வருகிறது. கணினி மென்பொருள் இவ்வேலையைச் சில நிமிடங்களில் செய்து முடிக்கிறது. அதனாலேயே அதன் ஒவ்வொரு படியையும் நிறுத்திப் பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் அளவலகு. டேனிய அடி ஏறத்தாழ 31.4 செ.மீ.; ஆங்கில அடி 30.48 செ.மீ. வேறுபாடு நூற்றுக்கு மூன்று என்பது சிறிதாகத் தோன்றும். 1,000 அடித் தொலைவில் அது 9 மீட்டருக்கு மேலாகிவிடுகிறது. டேனியப் படத்தின் அளவுகோலில் உள்ள அடியை ஆங்கில அடியெனக் கொண்டு கணக்கிட்டால், கடலே அசையாவிட்டாலும் 9 மீட்டர் நிலம் கூடவோ குறையவோ செய்யும்.

அடுத்து, பொருத்துப்புள்ளிகள். பழைய படத்திலும் இன்றைய நிலத்திலும் ஐயமின்றி ஒன்றாக இருக்கும் இடங்களைக் கொண்டே மேற்பொருத்தல் நிகழ்கிறது. தரங்கம்பாடியில் இதற்குக் கிடைப்பவை கோட்டை, இரண்டு ஆலயங்கள், நிலவாயில், தெருச்சந்திகள். நிலவாயில் இன்றைய வடிவில் 1792இல் கட்டப்பெற்றது. 1733ஆம் ஆண்டுப் படத்துக்கு அதனைக் கண்ணை மூடிக்கொண்டு புள்ளியாகக் கொள்ள இயலாது. அதைவிட முக்கியமான செய்தி, இப்புள்ளிகள் அனைத்தும் மதிலின் எல்லைக்குள் அடங்குகின்றன என்பது. புள்ளிகள் சூழ்ந்த பரப்புக்குள் பொருத்தம் நன்றாக அமையும். அதற்கு வெளியே செல்லச் செல்லப் பிழை வளரும். கரைக்கோடு அப்பரப்பின் கிழக்கு விளிம்பில் உள்ளது. மீனவர் குடியிருப்பு வடக்கே வெளியில் உள்ளது. நாம் விடை தேடும் இடங்கள் எவையோ அவ்விடங்களில்தான் கருவி தடுமாறுகிறது. மென்பொருள் தரும் சராசரிப் பிழை மதிலுக்குள் உள்ள புள்ளிகளின் பிழையே, கரையின் பிழையாகாது. இதனைக் கட்டுரையில் குறிப்பிடாமல் மீட்டர்க்கணக்கை மட்டும் தருவது ஆய்வொழுங்குக்குப் பொருந்தாது.

கரைக்கோடு என்பதுதான் என்ன? சோழமண்டலக் கடற்கரையில் ஓதப்பெருக்கின் வீச்சு குறைவு. ஆனால் மணற்கரை பருவந்தோறும் மாறுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது அலைகள் அரித்த மணல் கோடையில் மீண்டும் சேர்கிறது. மார்கழியில் அளந்த கரையும் வைகாசியில் அளந்த கரையும் ஒன்றாக இரா. வரைந்தவர் எப்பருவத்தில், எந்நீர்மட்டத்தைக் கரையெனக் கொண்டார் என்பதை அறிந்தாலன்றி இரு படங்களை ஒப்பிட முடியாது. அவர் கரையை அளந்தாரா, கோட்டையிலிருந்து கண்ணளவாக இழுத்தாரா என்ற வினா அதற்கும் முந்தியது.

கோட்டின் பருமனையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் அமைந்த நில அளவைத் துறைப் படத்தாளில் (1:63,360) அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் ஏறத்தாழ 32 மீட்டரை மூடிவிடுகிறது. அத்தாளை வைத்து 20 மீட்டர் அரிப்பு எனக் கூறுபவர் மையின் அகலத்தை அளக்கிறார். ஒரு மைலுக்கு 16 அங்குலம் என அமைந்த வருவாய்க் கிராமப்படத்தில் (1:3,960) அதே கோடு 2 மீட்டரையே மூடும். கடலரிப்பை அளக்க வேண்டுமாயின் அழகிய டேனியப் படத்தைவிட மங்கிய கிராமப்படமே தகுந்த சான்று.

இன்னும் நம்பத்தக்கது கோயில். 1306 முதல் அதே இடத்தில் நிற்கும் கட்டடத்தின் எஞ்சிய பகுதியிலிருந்து இழந்த பகுதியைச் சிற்பநூல் முறைப்படி மீட்டுக் கணிக்க முடியும். கருவறை, அர்த்த மண்டபம், மகா மண்டபம் என்னும் அளவுகளுக்கு இடையே உறவு உண்டு. கட்டடக்கலை அறிந்த ஒருவரும் கல்வெட்டறிஞர் ஒருவரும் சேர்ந்து நின்று செய்யத்தக்க இவ்வளவீடு, எந்த மேற்பொருத்தலையும்விட உறுதியான ஒரு கீழெல்லையைத் தரும். பூம்புகாரின் நினைவு நம் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதால், சோழநாட்டுக் கடற்கரையில் எங்கு இடிபாட்டைக் கண்டாலும் கடல்கோள் என்ற சொல் தானே வந்துவிடுகிறது. படத்திலிருந்து பெறும் பிழையான எண்கள் அச்சொல்லுக்கு அறிவியல் ஆடை போர்த்துகின்றன.

4. விற்பனைக்குப் பிந்திய ஊர்

1845இல் செராம்பூரும் தரங்கம்பாடியும் 12.5 இலட்சம் உரூபாய்க்குக் கைமாறின. பல நூல்களில் வரலாறு இவ்விடத்தில் முடிந்து, 2004 ஆழிப்பேரலையில் மீண்டும் தொடங்குகிறது. இடைப்பட்ட காலத்துக்குப் படங்களே சிறந்த சான்று. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாகவே இருந்த இவ்வூர் 1860இல் அத்தகுதியை இழந்தது. நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்ததும் துறைமுக வணிகம் அங்கே திரும்பியது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த இருப்புப்பாதை 1986இல் நிறுத்தப்பட்டது. அறுபது ஆண்டுகள் ஓடிய அப்பாதையைத் தொடர்ந்து வெளியான படத்தாள்களை அடுக்கிப் பார்த்துத் தொடரலாம். அதன் கரை எங்கே சாலையாயிற்று, எங்கே வீட்டுமனையாயிற்று என்பதைப் புல எண்வாரியாக அறியலாம். வாழும் தலைமுறையின் நினைவோடு படத்தை ஒத்துப்பார்க்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது. தரங்கம்பாடி பற்றிய முனைவர் பட்ட ஆய்வுகளில் ஒன்றேனும் டேனியர் காலத்தை விட்டு இப்பாதையின்வழி நடந்தால் நன்று.

5. நத்தம், புறம்போக்கு, கரை

வருவாய்த்துறைப் படங்களை இதுவரை பாராட்டினோம். அவற்றுக்கும் ஒரு தருக்கம் உண்டு. அது வரியின் தருக்கம். சங்கிலியும் லிங்க்ஸ் கணக்கும் கொண்டு அளந்த புலப்படம் நஞ்சை, புஞ்சையின் ஒவ்வொரு வளைவையும் காட்டும். வரி இல்லாத இடத்தில் அதன் கண் மங்கிவிடும். ஊர்மக்கள் குடியிருக்கும் நிலம் கிராம நத்தம் என ஒரே கட்டமாக அடைபட்டது. அதனுள் எத்தனை வீடு, எத்தெரு, எவர் மனை என்பவை நெடுங்காலம் அளக்கப்படவில்லை. நத்தம் நிலவரித் திட்டம் வந்த பின்னரே மனைவாரியான படங்கள் உருவாயின. நத்தத்துக்கும் வெளியே உள்ளது புறம்போக்கு. மணற்கரை அவ்வகையில் சேர்ந்தது. அச்சொல்லே ஒரு பார்வையைச் சொல்கிறது. வரிக்கணக்கின் புறத்தே போவது என்பதற்குமேல் அதில் நிலத்தைப் பற்றிய செய்தி ஏதுமில்லை.

ஆக, தரங்கம்பாடிக் கோட்டைக்கு வடக்கே உள்ள மீனவர் குடியிருப்பு இருமுறை படத்திலிருந்து நழுவியிருக்கிறது. கோட்டைநகர்ப் படத்துக்கு அது மதிலுக்கு வெளியே இருந்தது. வருவாய்ப் படத்துக்கு வரிக்கு வெளியே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் அங்கே வெற்றிடம் தொடர்ந்து இருந்ததாக முடிவுசெய்யக்கூடும். படத்தின் மௌனத்தை நிலத்தின் வெறுமையாகக் கொள்ளும் இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று.

2004 டிசம்பர் 26க்குப் பின் இது தெளிவாயிற்று. தமிழக அரசின் 2005 மார்ச் 30ஆம் நாளிட்ட 172ஆம் எண் அரசாணை, உயர் ஓதக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்களுக்கு ஒரு தெரிவை முன்வைத்தது. அப்பால் சென்றால் புதிய வீடு உண்டு; பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இருக்கும் இடத்திலேயே இருப்பேன் என்பவர் அரசுதவியின்றித் தாமே வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். தரங்கம்பாடியிலும் மீனவர்க்கு உள்நிலத்தில் புதிய குடியிருப்பு எழுந்தது. உயிர்ப்பாதுகாப்பு கருதிய ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒப்படைக்கப்பட்ட மனைகளின் தொன்மை பற்றிய வினா எழும்போது எந்தப் படம் மேசைமீது விரிக்கப்படும்? மரபுநகர் என்ற பெயரில் மதிலுக்குள் உள்ள வீடுகளுக்குப் பழைய படம் பெருமை சேர்க்கிறது. அதே படம் மதிலுக்கு வெளியே உள்ளவருக்கு எதிர்ச்சான்றாக மாறும் வாய்ப்பும் இருக்கிறது. பழம்படங்களை எளிதாக மேற்கோள் காட்டும் ஆய்வாளர் இவ்விரண்டாம் பயன்பாட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டியவராகிறார்.

இதற்கு மாற்றுச் சான்றுகள் இல்லாமலில்லை. ஹாலேயில் பேணப்படும் சமயத்தொண்டர் நாட்குறிப்புகளும் மடல்களும் கடற்கரை மக்களைப் பற்றிப் பேசுகின்றன. கோயில் விழாக்களில் மீனவர் ஊருக்குரிய பங்கும் முறைமையும் வாய்மொழியாக நிலைபெறுபவை. அவற்றுக்கும் மேலாக மணற்கரையின் உட்பிரிவுகள் இருக்கின்றன. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், கரைவலை இழுக்கும் பாடு என ஊர்ப் பஞ்சாயத்து அறிந்த எல்லைகள் புறம்போக்கு என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் மறைந்து கிடக்கின்றன. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவ ஊர்களையும் அவற்றின் பொதுவிடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் புலவரைபட அளவில் குறிக்க வேண்டும் எனப் பணித்தது. அது கூறும் அளவு 1:3,960. பழைய கிராமப்படத்தின் அதே 16 அங்குல அளவு. தரங்கம்பாடியின் கிராமப்படத்தை எடுத்து, கடற்கரைப் புறம்போக்கு என விடப்பட்ட அப்பட்டையில், ஊராரோடு நடந்து, அவர்கள் சொல்லும் பெயர்களை அந்தந்த இடத்தில் எழுதிச் சேர்ப்பது ஒரு தமிழ்த்துறையின் களப்பணிக்கு உட்பட்ட வேலை. கரையைக் கருதாமல் உள்நிலத்துக்குப் போன குடும்பங்களில் அப்பெயர்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.